நுங்கு வண்டி உடைந்தால் யாருக்கு நஷ்டம்?

சித்திரை பிறந்துவிட்டால் சேலத்துச் சாலையோரங்களில் நுங்குக் குலைகள் வந்து இறங்கும். கடைக்காரர் சுளையை நோண்டிக் கொடுத்துவிட்டு ஒதுக்கிப் போடும் காய்களில் உருண்டையான இரண்டைப் பையன்கள் பொறுக்கிக்கொண்டு போவார்கள். இரண்டையும் ஒரு குச்சியில் செருகினால் அச்சும் சக்கரமும் தயார். நீளமான கவட்டைக் குச்சி ஒன்றை அச்சின்மேல் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். சேலம் நகரத்துக்குள் இது அரிதாகிவிட்டது. ஓமலூர், வாழப்பாடி பக்கம் போனால் இன்னும் கண்ணில் படுகிறது.

இதைப் பார்த்ததும் பெரியவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்: குழந்தைகள் எல்லாரும் பிறவிப் படைப்பாளிகள், வளர வளர நாம்தான் அதைத் தொலைத்துவிட்டோம். மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். ஆனால் உளவியலாளர்கள் குழந்தைகளையும் பெரியவர்களையும் வைத்துச் செய்து பார்த்த சோதனைகளைப் படித்தால், இதில் பாதிதான் தேறுகிறது. தேறாத பாதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் குழந்தைகளிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்பது பிடிபடும்.

முதலில் தேறுகிற பாதி. கார்ல் டுங்கர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் கொடுத்த ஒரு புதிர் இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. 1945-இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய ஆய்வில் அது இடம்பெற்றது. ஒரு மெழுகுவத்தி, ஒரு தீப்பெட்டி, ஒரு அட்டைப்பெட்டி நிறைய குத்தூசிகள். மெழுகுவத்தியைச் சுவரில் நிற்கவைக்க வேண்டும். பலர் மெழுகுவத்தியையே ஊசியால் குத்திப் பார்ப்பார்கள், மெழுகை உருக்கி ஒட்டிப் பார்ப்பார்கள். விடை எளிது: ஊசிகளைக் கொட்டிவிட்டு, காலிப் பெட்டியைச் சுவரில் குத்தி, அதன்மேல் வத்தியை வைத்துவிடலாம். பெட்டியை முதலிலேயே காலியாகக் கொடுத்தால் நிறையப் பேருக்கு விடை தெரிந்தது. ஊசிகளோடு கொடுத்தால் தடுமாறினார்கள். ஊசி போட்டுவைக்கிற பெட்டி என்று கண்ணில் பட்டபின் அது அலமாரித் தட்டாகவும் ஆகும் என்பது தோன்றுவதில்லை.

குழந்தைகளுக்கும் இப்படித்தானா என்று டிம் ஜெர்மன், மார்கரெட் டிஃபெய்டர் என்ற இருவர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் கேட்டார்கள். ஒரு பொம்மை உயரத்தில் இருக்கும் தட்டை எட்ட வேண்டும். கட்டைகளை அடுக்கினால் மட்டும் எட்டாது. பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் கட்டைகளை அடுக்கினால் எட்டும். பெட்டிக்குள் சாமான்களைப் போட்டுக் கொடுத்தபோது ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் தாமதமானார்கள். ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு அந்தத் தாமதமே இல்லை. பெட்டி காலியா நிறைந்ததா என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. பள்ளிக்கூட வாசல் மிதித்து ஓரிரு ஆண்டுகளுக்குள் 'இது இதற்குத்தான்' என்ற முடிச்சு விழுந்துவிடுகிறது என்று இதை வாசிக்கலாம்.

பொருளின் பயனில் மட்டும்தான் இப்படி என்றில்லை. காரண காரியத்தை ஊகிப்பதிலும் அதே வித்தியாசம் தெரிகிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆலிசன் காப்னிக்கும் அவருடைய சகாக்களும் ஒரு சின்ன இயந்திரத்தை வைத்துப் பல ஆண்டுகள் சோதித்தார்கள். சில கட்டைகளை மேலே வைத்தால் அது விளக்கு எரிந்து பாட்டுப் பாடும். எந்தக் கட்டைக்கு அந்தச் சக்தி என்று கண்டுபிடிக்க வேண்டும். சாதாரணமாக ஒரு கட்டையே போதும் என்றுதான் யாரும் நினைப்போம். இரண்டு கட்டைகள் சேர்ந்தால்தான் வேலை செய்யும் என்ற வழக்கத்துக்கு மாறான விதியை இயந்திரத்துக்குள் வைத்து, அதற்கான தடயங்களையும் காட்டினார்கள். 2014-இல் வெளிவந்த இந்த ஆய்வில், நாலைந்து வயதுக் குழந்தைகள் பல்கலைக்கழக மாணவர்களைவிட நன்றாக அந்த விதியைப் பிடித்தார்கள். மாணவர்கள் கண்முன் இருந்த தடயத்தைவிடத் தங்கள் பழைய அனுபவத்தையே நம்பினார்கள்.

இனி தேறாத பாதி. நியூ கலிடோனியத் தீவைச் சேர்ந்த பெட்டி என்ற காகம், நேரான கம்பியைத் தானே கொக்கியாக வளைத்துக் குழாய்க்குள் இருந்த சின்ன வாளியை எடுத்தது பற்றி 2002-இல் பெரிய பேச்சானது. காகமே செய்யும்போது குழந்தைகளுக்கு என்ன கஷ்டம்? இங்கிலாந்தில் சாரா பெக்கும் குழுவினரும் அதே மாதிரி ஒரு குழாய், அதன் அடியில் கைப்பிடி வைத்த ஒரு வாளி, எளிதாக வளையும் ஒரு கம்பி ஆகியவற்றைக் குழந்தைகளிடம் கொடுத்தார்கள். 2011-இல் வந்த முடிவு பலருக்கு அதிர்ச்சி. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் அநேகமாக யாருக்கும் வளைக்கத் தோன்றவில்லை. எட்டு வயதில்கூடப் பாதிப் பேர் அளவுக்குத்தான் தேறினார்கள். பெரியவர்களுக்கோ இது ஒரு விஷயமே இல்லை. இன்னொன்றும் நடந்தது: ஒருமுறை வளைத்துக் காட்டியதும் தவறியிருந்த குழந்தைகளும் உடனே செய்துவிட்டார்கள். கையில் குறை இல்லை, கம்பி இன்னொன்றாக ஆகலாம் என்ற எண்ணம்தான் எழவில்லை.

இதை வைத்து மறுபடி நுங்கு வண்டியைப் பார்க்கலாம். அது அந்தப் பையன் கண்டுபிடித்ததில்லை. அவனுக்கு அண்ணன் முறையோ மாமன் முறையோ ஆகிற பெரிய பையன் செய்ததைப் பார்த்துச் செய்தது. அந்தப் பெரியவனும் அப்படியே பார்த்துக் கற்றவன்தான். பூவரச இலைப் பீப்பி, தென்னோலைக் கைக்கடிகாரம், அறுந்த ரப்பர் செருப்பில் வெட்டிய சக்கரம், தீப்பெட்டி டெலிபோன் என்று எதை எடுத்தாலும் இதே கதை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பிள்ளையின் கடைசி மூன்று பருவங்களாகச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று வைத்தார்கள். மூன்றும் பெரியவர்களின் வீட்டையும் பறையையும் தேரையும் பார்த்துச் செய்த சின்ன உருக்கள். நகல் எடுப்பதில் குழந்தைகளை மிஞ்ச ஆளில்லை. நகலெடுத்தபின் அதைக் கண்டபடி மாற்றிப் பார்ப்பதிலும்தான். மூன்றாவது காயைச் சேர்த்தால் என்ன ஆகும், கவட்டைக்குப் பதில் பழைய குடைக்கம்பி வைத்தால் என்ன, இறக்கத்தில் விட்டால் எவ்வளவு தூரம் ஓடும்?

அந்த 'என்ன ஆகும்' ஏன் அவர்களுக்கு அத்தனை சுலபம்? காப்னிக் தரும் விளக்கம் எனக்கு நியாயமாகப் படுகிறது. மனிதக் குழந்தையின் பருவம் மற்ற விலங்குகளோடு ஒப்பிட்டால் மிக நீளமானது. சோறு தேட வேண்டாம், எதிரியைப் பார்த்து ஓட வேண்டாம். அதையெல்லாம் பார்க்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனவே மூளை முழுவதும் தேடலில் இறங்குகிறது. வளர்ந்தபின் கணக்கு மாறுகிறது: தெரிந்ததை வைத்துப் பிழைக்க வேண்டும், தவறினால் தன் கைக்காசு போகும். அதாவது, குழந்தையின் துணிச்சலுக்குப் பின்னால் ஒரு செலவுக் கணக்கு இருக்கிறது. அதை வேறு யாரோ கட்டுகிறார்கள். நுங்கு வண்டி உடைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, அது குப்பையிலிருந்து வந்தது. சிற்றிலைப் பையன்கள் மிதித்துச் சிதைத்தாலும் மணல் அங்கேயே கிடக்கும், மறுபடி கட்டலாம்.

அந்தக் காவல் விலகினால் விளையாட்டு விபரீதமாகிவிடும் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. கோடை விடுமுறை வந்தால் கிணற்றிலும் ஏரியிலும் குளிக்கப் போன பிள்ளைகளைப் பற்றிய செய்தி நாளிதழில் வரத்தான் செய்கிறது. குழந்தைகளைச் சுதந்திரமாக விடுங்கள் என்று உபதேசிப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை போலிருக்கிறது.

பெரியவர்களில் யாருக்காவது இப்படித் தோற்றால் பரவாயில்லை என்ற இடம் வாய்த்தால் என்ன ஆகும்? சேலத்துக்காரர்களுக்கு வெளியே தேட வேண்டாம், பாயசத்திலேயே பதில் இருக்கிறது. அசல் ஜவ்வரிசி கிழங்குப் பொருளே இல்லை. தென்கிழக்கு ஆசியாவில் விளையும் ஒருவகைப் பனையின் தண்டுக்குள் இருக்கும் மாவிலிருந்து வந்தது. நம்மூர் ஜவ்வரிசி, இங்கே குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக்கிழங்கிலிருந்து வருகிறது. மீன் வியாபார விஷயமாக அடிக்கடி கேரளம் போய்வந்த சேலத்து மாணிக்கம் செட்டியார், அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்த மக்காச்சோள மாவுக்கு மரவள்ளி மாவு மாற்றாகும் என்று கண்டார். அந்த ஊரில் அது வேகவைத்து மீன்குழம்போடு தின்கிற கிழங்கு. மலாயாவின் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா அவரைச் சந்தித்தார். மரவள்ளியிலிருந்து ஸ்டார்ச்சும் ஜவ்வரிசியும் செய்யும் முறை ஷாவுக்குத் தெரியும். 1943 வாக்கில் இருவரும் குடிசைத் தொழிலாக ஆரம்பித்தார்கள். கிழங்கை அரைத்துக் கூழாக்கி, பாலை வடிகட்டி, தெளியவிட்டு, அடியில் படிந்த மாவைச் சின்னச் சின்ன உருண்டைகளாக்கி வறுக்கும் வேலை. கருவிகள் எல்லாம் கைக்குக் கிடைத்தவைதான்.

டுங்கரின் பெட்டிக்கும் இதற்கும் உறவு தெரிகிறதா? குழம்புக்குப் போகிற கிழங்கை மாவாகவும் மணியாகவும் பார்த்த கண் ஐந்து வயதுக் கண். ஆனால் அதை மணியாக உருட்டத் தெரிந்த கை, பினாங்கில் தொழில் பழகிய ஐம்பது வயதுக் கை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்பியை வளைக்கத் தெரிய அனுபவம் வேண்டும் என்று பெக் குழுவினர் கண்டது இங்கேயும் பொருந்துகிறது.

அதைவிட முக்கியம் அந்த ஆண்டு. 1942-இன் தொடக்கத்திலேயே மலாயாவும் ஜாவாவும் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டன. ஸ்டார்ச்சும் ஜவ்வரிசியும் கப்பலில் வருவது நின்றுபோனது. குடிசையில் வறுத்த முதல் மணிகள் வெளிநாட்டுச் சரக்குக்குப் பக்கத்தில் நிற்கிற தரத்தில் இருந்திருக்க வழியில்லை. இருந்தாலும் பக்கத்தில் நிற்க வேறு சரக்கு சந்தையில் இல்லை. கோணல்மாணலாகச் செய்து பழகுவதற்கு யுத்தம் அந்தத் தொழிலுக்கு ஓர் இடைவெளி கொடுத்தது. குழந்தைக்குப் பெற்றோர் கொடுக்கும் காவலை இங்கே, யாரும் விரும்பாத விதத்தில், கடல் கொடுத்தது. அதற்குள் உள்ளூர் மெக்கானிக்குகள் இயந்திரத்தைச் சீர்செய்துகொண்டார்கள். 1981-இல் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வந்தது.

சேர்வராயன் மலைமேல் போனால் இன்னொரு உதாரணம் கண்ணெதிரே நிற்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் ஏற்காட்டில் காபி வந்தது. காபிச் செடிக்கு நிழல் வேண்டும் என்று பிற்பாடு ஆஸ்திரேலிய சில்வர் ஓக் மரங்களை நட்டார்கள். நிழலுக்கு நட்ட மரத்தில் யாரோ மிளகுக்கொடியை ஏற்றினார்கள். இன்று மரத்துக்கு மரம் கொடி. கொடி பிடிக்காமல் போயிருந்தால் ஒரு பதியன் வீண், அவ்வளவுதான்.

செலவு கூடக் கூட விளையாட்டு எப்படிச் சுருங்குகிறது என்பதைச் சேலம் நகரத்துக்குள்ளேயே பார்க்கலாம். சாயங்காலம் தட்டுவடை செட்டுக் கடையில் நின்று பாருங்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், பச்சைச் சட்னி, காரச் சட்னி. அதையே நொறுக்கிக் கலந்தால் நொறுக்கல். தட்டுவடையை எடுத்துவிட்டு முறுக்கை வைத்தால் முறுக்கு செட். பூண்டு, மாங்காய், முட்டை என்று ஒவ்வொரு கடையும் தன் இஷ்டத்துக்கு ஒன்றைச் சேர்க்கிறது. ஒரு புதுச் சேர்க்கை சொதப்பினால் போவது ஒரு தட்டு. வாடிக்கையாளர் முகத்தைச் சுளித்தால் நாளைக்கு அது இருக்காது. நுங்கு வண்டிக்கு அடுத்தபடி இந்த ஊரில் உயிரோடு இருக்கிற விளையாட்டு இதுதான் என்பேன்.

செவ்வாய்ப்பேட்டை வட்டாரத்துக் கொலுசுப் பட்டறைகளில் நிலைமை வேறு. தரையில் சிந்திய வெள்ளித் தூளைக்கூடக் கூட்டி எடுத்து உருக்குகிற தொழில் அது. எடைக்கு எடை கணக்கு, மற்றவர் கொடுத்த வெள்ளியில் வேலை, கூலியோ கொஞ்சம். அங்கே 'இப்படிச் செய்தால் என்ன ஆகும்' என்று கேட்பவருக்கு விடை தெரியும்: நஷ்டம் ஆகும். அந்தத் தொழிலாளிக்குக் கற்பனை குறைவு என்று யாராவது சொன்னால் அது அநியாயம். அவர் தோற்பதற்கு யாரும் காசு கொடுக்கவில்லை.

காசு குறுக்கே வராத இடத்திலும் தேடலை நிறுத்த வழிகள் உண்டு. அதில் பெரியவர்கள் கெட்டிக்காரர்கள். சேலத்தில் ஏதாவது ஓவியப் போட்டிக்குப் போய், 'இயற்கைக் காட்சி' என்ற தலைப்பில் வந்த படங்களைப் பாருங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே வளைந்து வரும் ஆறு, ஓரமாக ஒரு குடிசை, ஒரு தென்னை. சேலத்தைச் சுற்றி நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை, வடக்கே சேர்வராயன் என்று எங்கே திரும்பினாலும் மலை. ஒன்றாவது முக்கோணமாக இருக்கிறதா? சேர்வராயன் மேலே தட்டையாக, படுத்த மாதிரி நீண்டு கிடக்கும் மலை. வகுப்பறை ஜன்னல் வழியாகத் தினமும் அதைப் பார்க்கிற பிள்ளை முக்கோணம் போடுகிறது என்றால், அந்த முக்கோணத்தை ஒரு பெரியவர் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறார், அதற்கு மதிப்பெண்ணும் கொடுத்திருக்கிறார்.

போட்டுக் காட்டுவதில் என்ன தப்பு? எலிசபெத் போனவிட்ஸும் சகாக்களும் 2011-இல் வெளியிட்ட சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. பல குழாய்கள் கொண்ட ஒரு பொம்மை. ஒன்றை இழுத்தால் கீச்சென்று சத்தம், மற்றவற்றில் விளக்கு, இசை, கண்ணாடி என்று மறைந்திருக்கும் வேறு சங்கதிகள். ஒரு பகுதிக் குழந்தைகளிடம் 'இது எப்படி வேலை செய்யும் என்று காட்டுகிறேன் பார்' என்று சொல்லிச் சத்தத்தை மட்டும் காட்டினார்கள். இன்னொரு பகுதியிடம் தற்செயலாகக் கை பட்டது போல அதே சத்தத்தை எழுப்பினார்கள். சொல்லிக் கொடுத்த குழந்தைகள் அந்தச் சத்தத்தையே மறுபடி மறுபடி எழுப்பின. தற்செயலாகப் பார்த்தவை மற்றவற்றையும் நோண்டிக் கண்டுபிடித்தன. தெரிந்தவர் ஒன்றைத்தான் காட்டினார், வேறு இருந்தால் காட்டியிருப்பார் என்று குழந்தை நினைக்கிறது. அது புத்திசாலித்தனமான ஊகம்தான், அதனால்தான் தேடல் நிற்கிறது. இதற்காகச் சொல்லிக்கொடுப்பதையே விட்டுவிட முடியாது, கொக்கிச் சோதனை அதையும் காட்டிவிட்டது. எப்போது வாயை மூடிக்கொள்வது என்பதுதான் ஆசிரியருக்கும் பட்டறை முதலாளிக்கும் உள்ள சிக்கல்.

தமிழ்நாட்டுப் பள்ளிகள் இதை ஒருமுறை முயன்று பார்த்தன. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு வந்த செயல்வழிக் கற்றல் முறையில், சுவரின் அடிப்பகுதி முழுக்கக் கரும்பலகையாக மாறியது. தரையில் உட்கார்ந்த குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. ஆசிரியர் பார்க்குமுன்பே எழுதியதை அழித்துவிடலாம். அந்த முறையைப் பற்றி ஆசிரியர்களிடம் இரண்டு அபிப்பிராயங்களும் இருந்தன, பாடங்களைப் பிரித்துக் கொடுத்த அட்டைகளைச் சமாளிப்பதே பெரும்பாடு என்று அலுத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் தாழ்வான கரும்பலகை மட்டும் எனக்குப் பிடித்த யோசனை. தவறுக்கு விலையே இல்லாத இடம் அது.

கடைசியாகப் பரிசு. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஆசையுள்ள மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல் வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்து, விளையாட்டு நேரத்தில் தாமாகப் பேனாவை எடுத்தவர்களைக் கவனித்தார்கள். பேரம் பேசி வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி அளவு நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை குறையவே இல்லை. ஆக, சான்றிதழ்மேல் குற்றமில்லை, முன்கூட்டி வைத்த பேரத்தில்தான் கோளாறு.

பின்னால் வந்த ஆய்வுகள் இதற்கு ஓர் எல்லையும் போட்டன: முதலிலேயே ஆர்வமில்லாத, அலுப்பான வேலைக்குப் பரிசு அறிவித்தால் கேடு ஒன்றுமில்லை, வேலை நடக்கும். கொலுசுக்குக் கண்ணி கோக்கக் கூடுதல் கூலி சொன்னால் கண்ணி கூடும். புது மாதிரி யோசித்து வா, பிடித்திருந்தால் இவ்வளவு தருகிறேன் என்று அதே ஆளிடம் சொல்லிப் பாருங்கள். போன தீபாவளிக்கு நன்றாக விற்ற மாதிரியிலேயே ஒரு பூவைக் கூட்டி எடுத்துக்கொண்டு வருவார்.